ஞானத்தாய் கொடுத்த பேர்

"உம்முடைய வலது கையை அவர் தோளில் வையும், மதலேனாள்" என்றார் பாதிரியார். வைத்துவிட்டேன். கை சுடவில்லை, அதுதான் எனக்கே ஆச்சரியம். இருபது வருஷமாக இந்தத் தோளையும் இதற்கு மேலே இருக்கிற கழுத்தையும் நினைத்துக்கொண்டுதான் படுத்திருக்கிறேன், எழுந்திருக்கிறேன், மீன் அறுத்து உப்புப் போட்டிருக்கிறேன். ஆனால் நான் நினைத்து வைத்திருந்த தோள் இது இல்லை. அது எருமைத் தோள். வியர்வையில் மினுங்கும், அதன்மேல் சிவப்புச் சால்வை கிடக்கும், அந்தச் சால்வை கடற்காற்றில் படபடவென்று அடித்துக்கொள்ளும். இது வெறும் எலும்பு. என் உள்ளங்கைக்குக் கீழே உருளுகிறது, அழுத்திப் பிடித்தால் கையோடு வந்துவிடும் போலிருக்கிறது. ஆள் மாறிவிட்டதோ என்று ஒரு கணம் திக்கென்றது. இல்லை, இவன்தான். இடது காதில் கீழ்ப்பாதி இல்லை, அந்தக் காதை நான் மறப்பேனா. கனகராய முதலி. யாழ்ப்பாணத்து அரசனின் படையை அன்றைக்கு எங்கள் மன்னார்க் கரைக்குக் கூட்டிக்கொண்டு வந்தவன், என் மகனைக் கொன்றவன். இப்போது அந்த அரசனும் இல்லை. அவன் பெற்ற இரண்டு பேரும் ஒரே சிம்மாசனத்துக்கு அடித்துக்கொண்டார்கள். இவன் மூத்தவன் பக்கம் நின்றான், இளையவன் வென்றுவிட்டான், மூத்தவன் தலை போய்விட்டது. தன் தலையாவது மிஞ்சட்டும் என்று இவன் கொஞ்சம் ஆட்களைச் சேர்த்துக்கொண்டு ஓடிவந்து மன்னார்க் கோட்டையில் பறங்கியின் காலில் விழுந்தான். பறங்கிக்கு இளையவன் ஆளுகிற நல்லூருக்குப் படையோடு போக வழி தெரிந்த ஆள் வேண்டும். இவனுக்கு ஒளிந்துகொள்ள ஒரு மதில் வேண்டும். அதற்காகத்தான் இந்த ஞானஸ்நானம், இந்த வெள்ளைத் துணி, இந்த மெழுகுதிரி. அதற்காகத்தான் நானும்.

நான் எதற்கு என்று முதலில் எனக்குப் புரியவில்லை. பாதிரியார் முந்தாநாள் என் குடிசைக்கு வந்து குனிந்து நுழைந்தார், நல்ல மனுஷன், நாங்கள் பேசுகிற பேச்சைக் கஷ்டப்பட்டுப் படித்தவர், அதனால் ஏட்டில் இருக்கிற மாதிரியே பேசுவார். "கனகராய முதலிக்கு ஞானஸ்நானத்தில் பேர் சொல்லும் ஞானத்தாயாக நீர் நிற்க வேண்டும்" என்றார். "அவன் ஆர் எண்டு தெரியுமோ சுவாமி?" என்றேன். "தெரியும். அதனால்தான் உம்மிடம் வந்தேன். கர்த்தர் தம்மைச் சிலுவையில் அறைந்தவர்களை மன்னித்தார்." "கர்த்தர் பெரிய ஆள் சுவாமி, நான் மீன் அறுக்கிறவள்" என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்தது, உடனே முகம் வாடியது. அவருடைய தேசங்களிலும் இப்படித்தானாம். வடக்கே குளிர்க் கடலில் ஒரு தீவாம், அங்கே அக்காவும் தங்கையும் ஒருத்திக்குப் பின் ஒருத்தி ராணியானார்களாம், அக்கா ஒரு வேதத்துக்காரரை உயிரோடு எரித்தாளாம், தங்கை வந்து பாப்பரசரே வேண்டாம் என்று மற்ற வேதத்துக்காரரைப் பிடிக்கிறாளாம், நேற்றுவரை கும்பிட்டதை இன்றைக்குக் கும்பிட்டால் குற்றமாம். "யாராவது ஒருவர் நிறுத்த வேண்டும் மதலேனாள், யாராவது ஒருவர்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் அந்தக் குளிர்த் தீவை நினைத்துப் பார்த்தேன். அங்கேயும் வரிசையாக நிறுத்தித்தான் கேட்பார்கள். அங்கேயும் கொஞ்சம் தள்ளி ஒரு தாய் நிற்பாள். அவளுக்கும் யாராவது வந்து மன்னிக்கச் சொல்வார்கள். "நிக்கிறன் சுவாமி" என்றேன். பாதிரியார் திகைத்துப்போனார், இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொள்வேன் என்று அவர் நினைக்கவில்லை. எனக்கு வேண்டியது மன்னிப்பு இல்லை, பக்கம். அவனுக்குப் பக்கத்தில் போய் நிற்க எனக்கு ஒரு வழி வேண்டும், கோட்டை வாசலில் துவக்கோடு நிற்கிறவன் மீன்காரியை உள்ளே விடமாட்டான், ஞானத்தாயை விடுவான்.

பக்கத்தில் வந்து என்ன செய்யப் போகிறாய் என்று வழியெல்லாம் என்னையே கேட்டுக்கொண்டு வந்தேன். இப்போதும் கேட்கிறேன். இந்தக் கை இன்னும் நாலு விரல் நகர்ந்தால் கழுத்து. இந்தத் தொட்டியில் தண்ணீர் தளும்ப நிற்கிறது, அவன் குனியும்போது பின்மண்டையில் என் முழு எடையையும் போட்டு அழுத்தலாம், நான் கூடை சுமந்த பொம்பிளை, இந்த எலும்புக்கூடு எத்தனை நேரம் தாங்கும். உடனே நாலு பறங்கி பாய்ந்து இழுத்துவிடுவான். இழுக்கட்டும். இல்லையென்றால் வாயைத் திறந்து இவன் முகத்தில் துப்பலாம். துப்பலும் ஒரு துப்பலா, துடைத்துவிட்டுப் போவான். கோயிலுக்குள் காற்றே இல்லை. சுண்ணாம்பு வாசமும் மெழுகு வாசமும் பறங்கிகளின் தோல் உடுப்பில் ஊறின வியர்வை வாசமும் சேர்ந்து அப்படியே நிற்கிறது. எதிரே பறங்கிப் படைத்தலைவன் கப்பித்தான் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறான், அவன்தான் ஞானத்தகப்பன். இவர்களையும் நான் மறக்கவில்லை. எங்கள் வேதத்தில் சேருங்கள், எங்கள் ராசா உங்களைக் கைவிடமாட்டான் என்றார்கள். சேர்ந்தோம். எங்கள் ஆட்கள் வெட்டுப்பட்ட பிறகு கப்பல் பழிவாங்க வருகிறது, வருகிறது என்றார்கள். நான் தினமும் கரையில் போய் நின்று பார்த்தேன். வரவில்லை. ஏதோ அவர்கள் கப்பல் ஒன்று கரைதட்டிச் சரக்கெல்லாம் அந்த அரசனிடம் மாட்டிக்கொண்டதாம், அதைத் திருப்பி வாங்கும்வரை அவனோடு சண்டை கூடாதாம். பல வருஷம் கழித்து வந்தார்கள், முத்துக்கும் யானைக்கும். என் மகனுக்கு இல்லை. பாதிரியார் இப்போது அவன் நாக்கில் உப்பு வைக்கிறார். அவன் முகம் சுளிக்கிறது, குழந்தை மாதிரி. அந்தச் சுளிப்பைப் பார்த்ததும் எனக்குப் பயம் வந்தது. இன்றைக்குக் காலையிலிருந்து எனக்கு இருக்கிற ஒரே பயம் அதுதான், இவன் அழுதுவிடுவானோ என்பது. அழுதால் என்ன செய்வேன். அழுகிறவனைப் பார்த்தால் இந்தப் பாழாய்ப்போன கை தானாகத் தட்டிக்கொடுத்துவிடும், எத்தனை பிள்ளையைத் தட்டின கை. அழாதே. கர்த்தரே, இவன் அழக்கூடாது. இப்படியும் ஒருத்தி கோயிலில் நின்று வேண்டிக்கொள்வாளா.

அன்றைக்கு இவன் கத்தவே இல்லை, அதுதான் என்னால் தாங்க முடியாதது. படை வந்த காலையில் எங்கள் ஆண்களையெல்லாம் மணலில் உட்காரவைத்தார்கள், பெண்களைப் பின்னால் கயிறு கட்டி நிறுத்தினார்கள். இவன் சால்வை படபடக்க ஒவ்வொருவனாகப் போய்க் குனிந்து கேட்டான், விருந்துக்கு வந்தவனிடம் கேட்கிற மாதிரி. "உன்ர பேர் என்ன?" பழைய பேரைச் சொன்னவன் எழுந்து பனைமரக் கூடலுக்குள் போகலாம், அவனுக்கு உயிர் மிஞ்சும். பறங்கி வைத்த பேரைச் சொன்னவனுக்கு அங்கேயே வெட்டு. முதல் ஆள் சொன்னபோது எங்களுக்குப் புரியவில்லை, இரண்டாவது ஆளில் புரிந்தது. மணல் எப்படிக் குடிக்கிறது என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். என் மகன் கடைசியில் இருந்தான். அவனுக்கு நான் வைத்த பேர் நாகன். ஞானஸ்நானத்தில் தொம்மை என்றார்கள். வீட்டில் நான் நாகா என்றுதான் கூப்பிடுவேன். "ஒருக்கா தொம்மை எண்டு கூப்பிடணை" என்று சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து கெஞ்சுவான், "போடா, அது என்ர வாயில வருகுதில்லை" என்று சிரிப்பேன். அவனுக்கு மீசை அரும்பியிருந்தது, சங்கு எடுக்க இறங்கினால் மற்றவன் இரண்டு தரம் மூச்செடுக்கும்வரை இவன் மேலே வரமாட்டான், நான் கரையில் நின்று எண்ணிக்கொண்டிருப்பேன். முதலி அவன் முன்னால் வந்து குனிந்தான். நான் கயிற்றில் வயிறு அறுபடச் சாய்ந்துகொண்டு கத்தினேன், "நாகா! நாகன் எண்டு சொல்லடா! நாகன் எண்டு சொல்லு!" அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். பிறகு "தொம்மை" என்றான். முதலிக்கு என்ன தோன்றியதோ, வெட்டச் சொல்லவில்லை, இன்னொரு தரம் கேட்டான். "உன்ர தாய் வேற பேர் சொல்லுறாளே." "அது அவ வைச்ச பேர். இது நான் எடுத்த பேர்." அவ்வளவுதான். சொல்லியிருக்கலாமே. ஒரு பேர்தானே. சொல்லிவிட்டு வந்து இராத்திரி கர்த்தரிடம் மன்னிப்புக் கேட்டிருக்கலாமே, அவர் மன்னிக்கிறவர்தானே. எனக்கு அவன்மேலும் ஆத்திரம், செத்த பிள்ளைமேல் ஆத்திரப்படக்கூடாது என்கிறார்கள், எனக்கு ஆத்திரம்தான். அந்த ஆத்திரத்தையும் சேர்த்துத்தான் இவன் கணக்கில் வைத்திருக்கிறேன்.

எண்ணெய் பூசியாயிற்று. பாதிரியார் சங்குபோன்ற ஒரு வெள்ளிக் கிண்ணத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். முதலி தொட்டிக்கு மேலே குனிகிறான், பிடரியில் நரைமயிர், நடுவில் ஒரு பள்ளம், அந்தப் பள்ளத்தில் எண்ணெய் மினுங்குகிறது. இதோ. இதுதான் நேரம். என் கை அங்கே போனது, போய் நின்றது. எவ்வளவு சின்னக் கழுத்து. இதை முறித்து எனக்கு என்ன வரும். இவனே இன்னும் இரண்டு மழைக்குத் தாங்கமாட்டான், மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் கரகரவென்று கேட்கிறது. முடிந்துபோனவனை முடித்துவைத்து இவனுக்கு உதவி செய்யவா நான் வந்தேன். அந்த நேரத்தில் பாதிரியார் என்னைப் பார்த்துக் கேட்டார், "இவருக்கு என்ன பேர்?" எல்லாம் முன்பே பேசிவைத்தது. செபஸ்தியான் என்று சொல்ல வேண்டும், அது பறங்கி ராசாவின் பேர், கப்பித்தான் ஆசைப்பட்டது. நானும் சரி என்று தலையாட்டிவிட்டுத்தான் வந்தேன். வாயைத் திறந்தேன். என்ன பேர். என்ன பேர் என்று குனிந்து குனிந்து கேட்டாயே. "தொம்மை" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது, அந்தப் பேரை என் வாய் அதற்கு முன் சொன்னதே இல்லை. பாதிரியார் கிண்ணத்தைப் பிடித்தபடி நின்றுவிட்டார். "செபஸ்தியான் என்றல்லவா..." என்று கிசுகிசுத்தார். "தொம்மை. ஞானத்தாய் நான்தானே சுவாமி, நான் சொல்லுற பேர்தானே. தொம்மை."

பின்னால் எங்கள் கரைப் பெண்கள் நின்றார்கள். அவர்களுக்கு அது யாருடைய பேர் என்று தெரியும். ஒருத்தி விம்மினாள், பிறகு எல்லோரும். பாதிரியார் கப்பித்தானிடம் அவர்கள் பாஷையில் என்னவோ சொன்னார், சொல்லும்போதே குரல் உடைந்தது, கப்பித்தான் என்னைப் பார்த்து நெஞ்சில் கைவைத்துத் தலை குனிந்தான். அப்போதுதான் எனக்கு விளங்கியது, இவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று. மன்னித்துவிட்டாளாம். தன் பிள்ளையின் பேரையே கொடுத்து இவனைப் பிள்ளையாக எடுத்துக்கொண்டாளாம். இல்லை! இல்லையடா மூடர்களே! யார் எப்போது கூப்பிட்டாலும் இவன் அந்தப் பேருக்குத் திரும்ப வேண்டும், சோற்றுக்குக் கூப்பிட்டாலும் சண்டைக்குக் கூப்பிட்டாலும் அந்த மணலும் அந்தக் கயிறும் இவன் காதில் விழ வேண்டும், அதற்காகக் கொடுத்தேன். கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தினால் அதையும் அழுகை என்பார்கள். பாதிரியார் மூன்று தரம் தண்ணீர் ஊற்றினார். முதலி நிமிர்ந்தான். நான் அவன் முகத்தைப் பார்த்தேன், இருபது வருஷம் காத்திருந்தது இந்தப் பார்வைக்குத்தான். அந்த முகத்தில் ஒன்றுமே இல்லை. தலை துவட்டத் துணி தேடுகிறவன் முகம். எவனோ ஒருவனுடைய பேரை வைத்ததுபோல மெழுகுதிரியை வாங்கிக்கொண்டு கண்ணைச் சிமிட்டிக்கொண்டு நின்றான். என் பிள்ளையின் பேர் போயே போய்விட்டது, போன இடத்தில் ஒரு சத்தமும் இல்லை. கொடுத்திருக்கக்கூடாது. கிணற்றில் போட்டால்கூடச் சத்தம் கேட்குமே.

வெளியே வெயில். கோட்டை முற்றத்தில் சாராயம் ஊற்றுகிறார்கள், பறங்கிகள் சத்தமாகச் சிரிக்கிறார்கள். நான் பெருக்கமரத்தின் அடியில் போய் உட்கார்ந்தேன், இனி வீட்டுக்குப் போக வேண்டும், மீன் கிடக்கிறது, அறுக்க வேண்டும், அறுத்து என்ன. நிழல் ஒன்று வந்து முன்னால் நின்றது. அவன்தான். பாதிரியார் சொல்லி அனுப்பியிருப்பார், மெதுவாகக் குனிந்து என் காலைத் தொட்டான். "நல்ல பேர் தந்தீங்கள் அம்மா. ராசாவின்ர பேர் எனக்கெதுக்கு. ராசாமாரை நம்பித்தான் இந்த நிலைக்கு வந்தன்." அதே குரல்தான். உடைந்துபோனாலும் அடியில் அதே மெதுவு. "இரு" என்றேன். முதலியைப் பார்த்து ஒரு மீன்காரி இரு என்றாள், அவன் இருந்தான்.

"அது ஆரின்ர பேர் எண்டு தெரியுமோ?"

"பாதிரியார் இப்பத்தான் சொன்னவர். உங்கட மகன்ர பேராம். அண்டைக்கு இறந்தவனாம்."

"இறக்கேல்லை. நீ வெட்டுவிச்சனி."

அவன் மணலைப் பார்த்தான். "பொய் சொல்லமாட்டன் அம்மா. எனக்கு அந்த முகம் நினைவில்லை. கன பேர். அரசன் சொன்னவர், செய்தன். ஒரு முகமும் நினைவில்லை."

அழுவான் என்று பயந்தேன், வீறாப்பாகப் பேசுவான் என்று நினைத்தேன், காலைப் பிடிப்பான் என்றும் ஒருநாள் நினைத்ததுண்டு. இதை நினைக்கவில்லை. நான் ஒவ்வொரு நாளும் துடைத்துத் துடைத்து வைத்திருந்த காலையை இவன் எங்கேயோ போட்டுவிட்டான், தேடினாலும் அகப்படாது. அப்படியென்றால் இருபது வருஷமாக அந்த மணலில் நான் மட்டுமா நின்றேன், தனியாகவா நின்றேன். இவனும் வந்து நிற்க வேண்டும். நான் இழுத்துக்கொண்டு போய் நிறுத்துவேன்.

"கடைசி ஆள்" என்றேன். "மீசை அப்பதான் அரும்பினது. பின்னால ஒரு பொம்பிளை வேற பேர் சொல்லிக் கத்தினவள். நீ ரெண்டாந்தரம் கேட்டாய்."

நெற்றி சுருங்கியது. "ரெண்டாந்தரம் கேட்டனோ?"

"கேட்டாய். உன்ர தாய் வேற பேர் சொல்லுறாளே எண்டு கேட்டாய்."

"அப்ப அவன் தப்பியிருக்கலாமே."

"ஓம்."

"ஏன் தப்பேல்லை?"

முதல்முறையாக அவன் என் கண்ணைப் பார்த்தான். எனக்குள் ஏதோ எழுந்து உட்கார்ந்தது. கேட்கிறான். தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்கிறான், தெரியாமல் இனி இவனால் இருக்க முடியாது. அந்த நேரத்தில் முற்றத்திலிருந்து கப்பித்தான் தொம்மையைத் தன் பாஷையில் "தோமே!" என்று கூப்பிட்டான், தேசப்படத்தை விரித்து நல்லூர் வழியைப் பேசக் காத்திருக்கிறான். இவன் அசையவில்லை.

"உன்னைத்தான் கூப்பிடுறாங்கள்" என்றேன்.

துள்ளி விழுந்தான். திரும்பிப் பார்த்துவிட்டு என் பக்கம் வந்த முகத்தில் இப்போது ஒன்று இருந்தது. சின்னதாக, ஈரமாக, பயம். "அம்மா" என்றான், "பேரை மாத்தித் தரச் சொல்லிப் பாதிரியாரைக் கேக்கட்டே?"

"கேள். ஊத்தின தண்ணியைத் திருப்பி எடுக்கேலாது எண்டு சொல்லுவார். சாகுமட்டும் நீதான் தொம்மை, ஆர் கூப்பிட்டாலும் நீதான் திரும்ப வேணும். நாளைக்கு என்ர வீட்டுக்கு வா."

"எதுக்கு?"

"தாயிட்ட வாறதுக்கு எதுக்கு எண்டு கேப்பினமோ? உனக்கு அவனைச் சொல்லப் போறன். எப்பிடி நடந்தவன், எப்பிடிச் சாப்பிட்டவன், எதுக்குச் சிரிச்சவன், எல்லாம். ஒவ்வொரு நாளும் வா, ஒவ்வொண்டாச் சொல்லுறன். அவனை எனக்குத் தெரிஞ்ச மாதிரி உனக்கும் தெரிய வேணும். தெரிஞ்ச பிறகு அந்த மணலுக்கு உன்னைக் கூட்டிக்கொண்டு போவன். அப்ப நீ ஆரை வெட்டினனி எண்டு உனக்கு விளங்கும்."

அவன் நெஞ்சு கரகரவென்று ஏறி இறங்கியது. இவன் சாகக்கூடாது. இப்போதே சாகக்கூடாது, கஞ்சி வைத்துக் கொடுக்க வேண்டும், சுக்குத் தட்டிக் கொடுக்க வேண்டும், கடைசிவரை கேட்க இவனுக்குச் சீவன் வேண்டும். கப்பித்தான் மறுபடியும் கூப்பிட்டான். இந்தமுறை உடனே திரும்பினான். எழுந்து மணலைத் தட்டிவிட்டு நாலடி போனவன் நின்று, என்னைப் பார்க்காமல், "விடியவோ, பின்னேரமோ?" என்று கேட்டான்.

"விடிய வா" என்றேன். "அவன் விடியத்தான் பிறந்தவன்."